யாருடைய உடலுக்கு அளந்த உடை?

தொழிற்சாலைகளில் பாரம் தூக்குவோருக்கும் கைகளை உயர்த்தியபடி வேலை செய்வோருக்கும் உதவவென ‘எக்ஸோஸ்கெலிட்டன்’ எனப்படும் புறவன்கூட்டு உடைகள் வந்துவிட்டன. 2018 இல் ஃபோர்ட் வாகன நிறுவனம், 7 நாடுகளிலுள்ள தனது 15 தொழிற்சாலைகளில் இத்தகைய மேலங்கிகளைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. இவற்றில் பல மின்சாரமின்றி ஸ்பிரிங்குகளால் இயங்குபவை. தோளில் விழும் பாரத்தில் ஒரு பகுதியை இடுப்புக்குக் கடத்துவதே அவற்றின் வேலை.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. ஆணின் இடுப்பும் பெண்ணின் இடுப்பும் ஒரே வடிவமல்ல. உடையின் மூட்டு உடலின் மூட்டோடு பொருந்தாவிட்டால், தாங்கவேண்டிய பட்டி உராயத் தொடங்கும். முதுகுக்கு உதவும் சில வகைகள் நெஞ்சில் அழுத்தும் தட்டை நம்பியிருக்கின்றன. அது பெண்களுக்கு வலியைக் கொடுக்கும். ஃபோர்ட்டின் மேலங்கி 5 அடி முதல் 6 அடி 4 அங்குலம் வரை உயரமுள்ளோருக்கானது. 5 அடியை எட்டாத பெண்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்?

இந்த உடைகள் பற்றிய ஆய்வுகளில் பங்கேற்றோரில் பெரும்பாலானோர் ஆண்கள். பெண்ணின் அளவு பின்னர்தான் நினைவுக்கு வருகிறது. வசதி மிக்க நாசாவிலும் இதுவே நடந்தது. 2019 மார்ச்சில் இரு பெண்கள் சேர்ந்து மேற்கொள்ளவிருந்த விண்நடை, நடுத்தர அளவு மேற்பகுதி ஒன்று மட்டுமே தயாராக இருந்ததால் அன்று நடக்கவில்லை. ஒருவருக்குப் பதிலாக ஆண் ஒருவர் சென்றார். இரு பெண்களின் விண்நடை ஒக்டோபரில்தான் சாத்தியமானது. உடை பொருந்தாதபோது மாற்றப்பட்டது உடை அல்ல, பெண்தான்.

இது நமக்குத் தொலைவான கதையல்ல. புலம்பெயர்ந்த நம் பெண்கள் பலர் முதியோர் பராமரிப்பு இல்லங்களிலும் களஞ்சியசாலைகளிலும் உழைக்கின்றனர். நோயாளியைத் தூக்கி முதுகை இழப்பவர்களில் அவர்களும் உண்டு. முகமாலையில் பாதுகாப்பு அங்கியும் முகக்கவசமும் அணிந்து வெயிலில் கண்ணிவெடி அகற்றும் பெண்களுக்கும், அணிவது உடலுக்குப் பொருந்துகிறதா என்பது அன்றாடக் கேள்வி. குடும்பத்தின் ஒரே உழைப்பாளியாக இருப்பவள், வலிக்கிறது என்று சொல்லத் தயங்குவாள். சொன்னால் ‘இந்த வேலைக்கு நீ சரிவரமாட்டாய்’ என்ற பதில் வரலாம்.

மற்றொரு ஆபத்தும் உண்டு. உடை கொடுத்துவிட்டோம், இனி இன்னும் அதிகமாகத் தூக்கலாம் என்று நிர்வாகம் இலக்கை உயர்த்தினால், குறைந்த பாரம் வேறு வழியால் திரும்பி வந்துவிடும்.

உடையை வாங்குவது நிர்வாகம், அணிவது தொழிலாளி. ஆகவே வாங்குவதற்கு முன்னரே பெண்கள் அதை முழு வேலைநேரமும் அணிந்து பார்க்கவேண்டும். மறுக்கும் உரிமை அவர்களுக்கு வேண்டும். மறுத்ததற்காக வேலை பறிபோகக்கூடாது. தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு சேர்த்து இதையும் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுவரவேண்டிய காலம் இது.