ஹெட் வாங்குமுன்

நம் சங்கத்து இளைஞர், பொங்கல் விழா இசைக்குழுவின் பேஸ் கிதாருக்கு மலிவானதோர் ஆம்பிளிஃபயர் ஹெட் தேடுகின்றனர். பலர் தந்த பணமாதலின் ஒரு சொல் கூறுகிறோம். விளம்பரத்தின் 500 வாட்டைக் கண்டு மயங்கற்க. அது பெரும்பாலும் 4 ஓம் ஸ்பீக்கருக்குரிய கணக்கு. நம்மிடமுள்ள ஸ்பீக்கர் பெட்டியோ 8 ஓம். அதில் ஏறக்குறையப் பாதியே கிட்டும். குடி முழுகிவிடாது: வாட் பாதியானாலும் குறைவது 3 டெசிபெல்லே. பின்னர் மற்றொரு 8 ஓம் பெட்டியை இணையாகச் சேர்த்தால் மொத்தம் 4 ஓம் ஆகும். முழு வாட்டும் கிட்டும். ஹெட்டின் பின்புறம் குறித்துள்ள எல்லைக்குக் கீழே ஓம் இறங்கினால் கருவி கெடலாம். வால்வு ஹெட்டாயின் ஸ்பீக்கரின்றி இயக்கவே கூடாது. டி வகுப்பு ஹெட் சில கிலோ எடையே; மாடிப்படி ஏற்றுபவர் நம்மை வாழ்த்துவர்! பழையது வாங்குவதாயின், அரைமணி நேரமேனும் வாசித்துச் சூடேற்றிப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணுக.