அம்மை என்று மட்டும் எழுதலாமா?

காய்ச்சலும் தடிப்பும் கண்ட குழந்தையைப் பற்றி வினவினால், "அம்மை போட்டிருக்கிறது" என்பதே பெரும்பாலும் நமக்குக் கிடைக்கும் விடை. இல்லத்தில் இச்சொல் போதும். களப் பதிவேட்டிலும் பள்ளியின் விடுப்புக் குறிப்பிலும் இது போதாது என்பதே நம் கருத்து.

வைசூரி எனப்பட்ட பெரியம்மை, நீர்க்கொப்புளம் எழும் சின்னம்மை, மணல்வாரி எனவும் வழங்கும் தட்டம்மை ஆகிய மூன்றும் வெவ்வேறு வைரஸ்களால் வருவன. தடிப்பே தோன்றாத பொன்னுக்கு வீங்கியையும் புட்டாளம்மை என்பதுண்டு. இந்தியிலும் 'மாதா' என்னும் சொல் இவ்வாறே ஒன்றுக்கு மேற்பட்ட நோய்களைக் குறிப்பதை மொழிபெயர்ப்பாளர் அறிவர்.

இக்குழப்பத்தால் விளையும் கேடு சிறிதன்று. சின்னம்மை கண்டு தேறிய குழந்தைக்கு, "அம்மைதான் வந்து போயிற்றே, இனி ஊசி எதற்கு?" என்று பெற்றோர் கருதக்கூடும். ஒரு வைரஸை வென்ற உடல் மற்றொன்றைத் தடுத்துவிடாது. தட்டம்மை காற்றின் வழியே மிக விரைவிற் பரவி, நுரையீரலையும் சில வேளை மூளையையும் தாக்கும். பிற நோய்களுக்கு எதிராக உடல் முன்பே ஈட்டிய ஆற்றலையும் குறைக்கும். ருபெல்லா குழந்தைக்கு எளிய நோயே. ஆயினும் கருவுற்ற தொடக்க மாதங்களில் தாயைத் தொற்றின், பிறக்கும் சேய்க்குக் கண்புரை, செவிட்டுத்தன்மை, இதயக் குறை ஆகியன நேரலாம். இவ்விரண்டையும் தடுக்கும் ஊசியை 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ளோர்க்கு அளிக்கும் இயக்கம் 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில பகுதிகளில் தொடங்கியது.

மக்கள் வழக்கைத் திருத்துவது நம் வேலையன்று என்பர் சிலர். உண்மையே. அன்னையின் பெயரால் நோயை அழைப்போரை எள்ளுதல் தகாது. திருத்த வேண்டுவது நம் எழுத்தையே. களப்பணியாளர், காய்ச்சல் தொடங்கிய நாள், இருமல், மூக்கொழுகல், கண் சிவத்தல், தடிப்பு முகத்தில் தொடங்கிக் கீழிறங்கியதா, நீர் கோத்ததா என்பனவற்றைக் கேட்டெழுதுக. 9 முதல் 12 மாதத்திற்குள்ளும், 16 முதல் 24 மாதத்திற்குள்ளும் ஊசி போடப்பட்டதா என அட்டையைப் பார்த்துக் குறித்து, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அறிவிக்க. நோயின் பெயரை மருத்துவரும் இரத்தப் பரிசோதனையும் முடிவு செய்யட்டும். தட்டம்மையாயின் தடிப்புத் தோன்றிய பின்னும் 4 நாள்வரை தொற்றுமாதலால், ஆசிரியர் அதுவரையிலேனும் மாணவனை வீட்டில் இருத்துமாறு கூறுக.

பெரியம்மை 1977இல் இந்நாட்டை விட்டு நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. படத்தைக் காட்டி வீடு வீடாக வினவி, அதனைச் சின்னம்மையினின்றும் பிரித்தறிந்த ஊழியர்களின் உழைப்பு அவ்வெற்றியில் பெரும்பங்கு கொண்டது. தட்டம்மையையும் ருபெல்லாவையும் ஒழிக்க அத்தகைய கவனமே இன்று வேண்டும்.