இலைக்கு எத்தனை?

கல்யாணச் சமையலுக்கு ஆள் பேசிய அநுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். சமையல்காரர் முதலில் கேட்பது, "எத்தனை இலை?" என்றுதான். இலைக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டால், ரசத்தோடு எழுந்து போனவருக்கும் ஓர் இலை. மூன்று தரம் பாயசம் வாங்கிக் குடித்தவருக்கும் ஓர் இலை!

இன்றைக்கு ஆபீஸ்களில் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பவும், தஸ்தாவேஜுகளைப் பகிர்ந்துகொள்ளவும் உபயோகிக்கிற செயலிகளுக்கும் இதே இலைக் கணக்குத்தான். ஸ்லாக், மைக்ரோசாஃப்டின் டீம்ஸ், நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் கிளிக் ஆகிய எல்லாவற்றுக்கும் தலைக்கு, மாதத்துக்கு, இவ்வளவு என்றுதான் விலை.

"இதெல்லாம் ஆபீஸ் சமாசாரம், எனக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! உங்களில் எத்தனையோ பேர் ஆபீஸுக்குப் போகிறீர்கள். சிலர் சொந்தமாகவே தையல் நிலையமோ, டியூஷன் வகுப்போ, பலகார வியாபாரமோ நடத்துகிறீர்கள். இந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் நீங்களாகவே இருக்கலாம்.

பன்னிரண்டு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன ஸ்தாபனத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஸ்லாக்கின் 'ப்ரோ' திட்டத்துக்கு 2022 செப்டம்பரில் விலை ஏறியது. அப்போது அமெரிக்காவில் வைத்த விலை, வருஷச் சந்தாவாகக் கட்டினால் தலைக்கு மாதம் 7.25 டாலர், மாதாமாதம் கட்டினால் 8.75 டாலர். பன்னிரண்டு பேருக்கு ஒரு வருஷத்தில் முன்னது 1,044 டாலர். பின்னது 1,260 டாலர். சரக்கு ஒன்றே, கட்டுகிற விதத்தில் மட்டும் 216 டாலர் வித்தியாசம்! டீம்ஸைத் தனியாகக் கொடுக்கும் 'எஸென்ஷியல்ஸ்' என்ற திட்டத்தை மைக்ரோசாஃப்ட் 2021 டிசம்பரில் தலைக்கு 4 டாலர் என்று கொண்டுவந்தது. அதே பன்னிரண்டு பேருக்கு வருஷத்துக்கு 576 டாலர். நம் நாட்டு விலை வேறாக இருக்கலாம். விலை மாறவும் மாறலாம். பெருக்கிப் பார்க்கிற வழி ஒன்றுதான்.

இனி, 'கூடவே இனாம்' என்ற விஷயத்துக்கு வருவோம். புடவை வாங்கினால் ரவிக்கைத் துணி சேர்ந்தே வருகிறதல்லவா? டீம்ஸ் 2017-இல் அப்படித்தான் வந்தது. ஆபீஸ் 365 சந்தா கட்டிய ஸ்தாபனங்களுக்கு அது கூடவே கிடைத்தது. ரவிக்கைத் துணியை மட்டும் விற்றுக்கொண்டிருந்த ஸ்லாக்குக்குக் கோபம் வராமல் இருக்குமா? 2020 ஜூலையில் ஐரோப்பிய கமிஷனிடம் புகார் செய்தது. 2023-இல் கமிஷன் விசாரணை தொடங்கிற்று. 2024 ஏப்ரலிலிருந்து மைக்ரோசாஃப்ட் உலகம் முழுவதுமே டீம்ஸைப் பிரித்து விற்க ஆரம்பித்தது. நமக்கு இதில் உள்ள பாடம் சின்னதுதான். கடிதப் போக்குவரத்துக்கும் கணக்கு எழுதுவதற்கும் எப்படியும் அந்தச் சந்தா தேவை என்றால், சேர்த்து வாங்குவது லாபம். ரவிக்கைத் துணிக்காகப் புடவை வாங்கினால் நஷ்டம்.

"எதற்குக் காசு? இலவசத் திட்டம் இருக்கிறதே!" என்பீர்கள். இருக்கிறது. இங்கேதான் நிதானம் வேண்டும். ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் முன்பெல்லாம் கடைசிப் பதினாயிரம் செய்திகளைப் பார்க்கலாம் என்று இருந்தது. 2022 செப்டம்பரில் அதைக் கடைசி 90 நாள் என்று மாற்றினார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து, ஒரு வருஷத்துக்கு மேல் பழசானவற்றை அடியோடு அழித்துவிடுவது என்றும் ஏற்பாடு செய்தார்கள்.

தையல் நிலையம் நடத்துகிறவர் இதை யோசித்துப் பார்க்கட்டும். ஒரு கடைக்காரர் வந்து, "போன தீபாவளிக்கு ரவிக்கைக்கு இன்ன கூலி என்றுதானே ஒப்புக்கொண்டீர்கள்?" என்று குறைத்துச் சொல்கிறார். ஒப்புக்கொண்டது அதுவல்ல என்று உங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அதை எழுதிய செய்தி கண்ணுக்குத் தெரியவில்லை. தொண்ணூறு நாள் என்றைக்கோ கடந்துவிட்டது! இன்று பேசுவதற்கு யாரும் காசு கேட்பதில்லை. நேற்று பேசியதைத் திரும்பப் பார்ப்பதற்குத்தான் சந்தா.

காசு கட்டினாலும் கவலை முழுவதும் தீர்ந்துவிடாது. ஹிப்சாட் என்று ஒரு செயலி இருந்தது. 2019 பிப்ரவரியில் மூடிவிட்டார்கள். பேஸ்புக் கம்பெனி நடத்திய 'வொர்க்பிளேஸ்' என்பதையும் மூடப் போவதாக 2024 மே மாதம் அறிவித்தார்கள். அதை நம்பியிருந்தவர்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வேறு இடம் பார்க்க வேண்டியதாயிற்று.

ஸூலிப், மேட்டர்மோஸ்ட் என்ற செயலிகளை நம்முடைய கம்ப்யூட்டரிலேயே நிறுவிக்கொள்ளலாம். மூல நிரலும் எல்லோருக்கும் கிடைக்கிறது. இது சொந்தக் கிணறு மாதிரி. தண்ணீருக்கு விலை இல்லை. தூர் வாருகிற கூலி நம்முடையது. சர்வர் வாடகை உண்டு. பிரதி எடுத்து வைக்கவும், கோளாறு வந்தால் சரிசெய்யவும் விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். அப்படி ஒருவர் கைவசம் இருந்தால் மிகவும் சிக்கனம். இல்லாவிட்டால் அவருக்குக் கொடுக்கிற சம்பளம் பன்னிரண்டு இலையின் விலையை விழுங்கிவிடும்.

"எங்களுக்கு வாட்ஸ்அப் குழுவே போதும்" என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலையை விட்டுப் போகிற பெண் தன் போனையும் எடுத்துக்கொண்டுதான் போவாள். வாடிக்கைக்காரர்களின் அளவுகளும் விலாசங்களும் அந்தப் போனோடு போய்விடும்.

ஆகவே, எந்தச் செயலியானாலும் பணம் கட்டுமுன் நாலு கேள்வி கேளுங்கள். உண்மையில் எத்தனை தலை? பழைய பேச்சு எத்தனை நாள் நிற்கும்? நாளைக்கு வேறு இடம் போனால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக முடியுமா? இதோடு சேர்ந்து வருகிற மற்றவை நமக்கு வேண்டியவைதானா?

மாதம் ஒரு முறை ஆள் கணக்கையும் சரிபாருங்கள். ஆறு மாதத்துக்கு முன் வேலையை விட்டுப் போனவர் பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். பந்திக்கே வராதவருக்கு மாதாமாதம் இலை போட்டுக்கொண்டிருப்போம்!