பிள்ளை தங்காதது யார் பாவம்?

பிள்ளை பிறந்தால் அது ஆண்டவன் அருள் என்றும், பிறந்த பிள்ளைகள் தங்காமற்போனால் அது பெண் முன்ஜென்மத்தில் செய்த பாவம் என்றும் நம் ஜனங்கள் வெகுகாலமாய்ச் சொல்லி வருகிறார்கள். பெருமை கடவுளுக்கு, பழி மாத்திரம் பெண்ணுக்கு! இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

விஷயத்தைச் சற்று அறிவு கொண்டு பார்ப்போம். ஒருவருடைய தோலை எடுத்து மற்றொருவருக்கு ஒட்டினால், அவர் சரீரத்திலுள்ள வெள்ளணுக்கள் அதை அந்நியப் பொருளென்று கண்டு தாக்கி அழித்துவிடும். வயிற்றிலுள்ள சிசுவோ பாதி தாயின் அம்சம், பாதி தகப்பனின் அம்சம். அந்தப் பாதி அந்நியனைத் தாயின் சரீரம் இத்தனை மாதம் எப்படித் தாங்குகிறது? இக்கேள்வியை 1953-ல் கிளப்பியவர் பீட்டர் மெடாவர் என்னும் இங்கிலாந்து விஞ்ஞானி. இவர் 1960-ல் நோபல் பரிசு பெற்றார்.

இதற்கு விடை அருளல்ல, ஏற்பாடு. நஞ்சுக்கொடி தாயின் இரத்தத்துக்கும் பிள்ளையின் இரத்தத்துக்கும் நடுவே நின்று கலக்கவிடாமல் காக்கிறது. அதன் வெளியணுக்கள் தகப்பன் வழி வந்த முக்கிய அடையாளங்கள் சிலவற்றை வெளியே காட்டுவதில்லை. எல்லா மனிதரிடத்தும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும் வேறோர் அடையாளத்தைக் காட்டித் தாயின் காவலணுக்களைச் சாந்தப்படுத்துகின்றன. தாயின் சரீரத்திலும் தாக்குதலை அடக்கும் அணுக்கள் பெருகுகின்றன.

இந்த ஏற்பாட்டுக்கும் ஓட்டை உண்டு. சிவப்பணுவில் ஆர்.எச். என்னும் பொருள் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகடிவ். நெகடிவ் தாய் பாசிட்டிவ் பிள்ளையைப் பெறும்போது, பிள்ளையின் இரத்தம் சிறிது அவள் இரத்தத்தில் கலந்துவிடக்கூடும். அப்போது அவள் சரீரம் அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக் கொள்ளக்கூடும். முதற்பிள்ளை பெரும்பாலும் பிழைத்துக் கொள்ளும். அடுத்த பாசிட்டிவ் பிள்ளைக்கோ சோகை, காமாலை, சில சமயம் வயிற்றிலேயே மரணம். இதைத்தான் தோஷம் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். அந்த அடையாளம் வந்தது தகப்பன் வழியாக. ஆனால் பாவிப் பட்டம் மனைவிக்கு, மறு கல்யாணம் புருஷனுக்கு! தகப்பனும் பாவியல்ல, இரத்த வகையை அவன் கடையில் வாங்கி வரவில்லை.

இதற்குத் தடுப்பு ஊசி 1968-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. எதிர்ப்பொருள் உண்டாகாத நெகடிவ் தாய்க்குக் கர்ப்பத்தின் 28-வது வாரத்திலும், பிறந்த பிள்ளை பாசிட்டிவானால் 72 மணி நேரத்துக்குள்ளும் அதைப் போடுகிறார்கள். நெய்விளக்கு ஏற்றினால் இரத்த வகை மாறுமா? பரிகாரச் செலவு புரோகிதருக்குப் பயன்படுமேயன்றி வயிற்றுப் பிள்ளைக்கு என்ன பயன்?

கர்ப்பம் கலைவதற்கு வேறு காரணங்களும் அநேகம் உண்டு. அவற்றில் எதிலும் பாவம் என்னும் சரக்கை எந்த வைத்தியரும் கண்டதில்லை.

ஆகவே தோழர்களே! வீட்டில் ஒரு பெண் கர்ப்பமானால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் இரத்த வகையைப் பார்க்கச் சொல்லுங்கள். நெகடிவ் என்றால் ஊசியைக் கேட்டு வாங்குங்கள். கர்ப்பம் கலைந்தாலும் அந்த ஊசி வேண்டுமா என்று கேளுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளைப் பாவி என்று சொல்லும் வாயை முதலில் அடக்குங்கள்.