விசித்திரமாகத் தெரிவதெல்லாம் கோளாறு இல்லை

விண்வெளி கேம்கள் பற்றிய எபிசோடைக் கேட்டுவிட்டு ஒரு நண்பர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருந்தார். எலைட் டேஞ்சரஸ் மேப்பில் ஏதோ ஒரு நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்துப் போயிருக்கிறார். பெரிய மஞ்சள் உருண்டைக்குப் பதிலா நடுவில் ஒரு சின்னப் புள்ளி, இரண்டு பக்கமும் வால் மாதிரி நீண்ட வெளிச்சம். "என்னய்யா இது, கிராஃபிக்ஸ் கோளாறா?"

கோளாறு இல்லை. அது நியூட்ரான் நட்சத்திரம்.

2014-ல் வந்த இந்த கேமில் நம்ம பால்வெளி மண்டலமே இருக்கு, சுமார் 40,000 கோடி நட்சத்திர அமைப்புகளோடு. வானியல் பட்டியல்களில் இருப்பவற்றில் பலவற்றை அதனதன் இடத்தில் வைத்துவிட்டு, மற்றதை இயற்பியல் விதிகளை ஒட்டி மென்பொருளே உருவாக்குது. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்ற ஏழு வகைகளில்தான் எரிபொருள் நிரப்ப முடியும். அதனால் புதுசா ஆடுறவங்க மற்றதை ஒதுக்கிடுவாங்க. பழகினவங்களோ நியூட்ரான் நட்சத்திரத்தைத் தேடிப் போவாங்க. அதன் வாலுக்குள் கப்பலை நுழைச்சா அடுத்த தாவல் நாலு மடங்கு தூரம். வெள்ளைக் குள்ளனில் ஒன்றரை மடங்குதான், ஆபத்தும் அதிகம்.

அது ஏன் இரண்டு தனி வகை? எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் மிச்சம், சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறை வரைக்கும்தான் வெள்ளைக் குள்ளனா நிற்கும். பூமி அளவு இருக்கும். அதைத் தாண்டினா நொறுங்கி நியூட்ரான் நட்சத்திரமாகவோ கருந்துளையாகவோ ஆகணும். நியூட்ரான் நட்சத்திரத்தின் குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர், ஐசலினிலிருந்து நியூவார்க் போகிற தூரம்.

இந்த எல்லைக்கு வழிவகுத்த கணக்கைப் போட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-ல், 19 வயதில், கேம்பிரிட்ஜுக்குக் கப்பலில் போகும்போது. 1935 ஜனவரியில் லண்டனில் அதை விளக்கியபோது, அன்றைய வானியலின் பெரிய தலை எடிங்டன் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தார். நட்சத்திரம் இப்படி அபத்தமா நடந்துக்காதுங்கறதுதான் அவர் வாதம். நோபல் பரிசு வந்தது 1983-ல்.

நியூட்ரான் நட்சத்திரம் கையில் சிக்கியதும் அதே கேம்பிரிட்ஜில்தான். 1967-ல் ஆய்வு மாணவி ஜோசலின் பெல், ரேடியோ தொலைநோக்கியின் காகிதச் சுருளில் ஒரு சின்னக் கிறுக்கலைப் பார்த்தார். இரைச்சல்னு தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. அதுதான் முதல் பல்சார். எலைட்டை உருவாக்கிய ஃப்ரன்டியர் நிறுவனமும் அந்த ஊர்தான்.

கேம் சொல்றதெல்லாம் நிஜம்னு சொல்ல வரலை. தனியா இருக்கும் வெள்ளைக் குள்ளனுக்கு அப்படி வால் கிடையாது, அது ஆட்டத்துக்காகச் சேர்த்தது. பிள்ளைகளுக்குக் காட்டும்போது அதையும் சொல்லிடுங்க.

ஆனா நம்ம வேலையில் தினமும் நடக்கிறது எடிங்டன் வழிதான். டேஷ்போர்டில் ஒரு புள்ளி தனியா நின்னா, "அவுட்லையர், எடுத்துடுங்க." ஒரு கிளையன்ட்டுக்காக நானே அப்படி ஒரு வரிசையை நீக்கியிருக்கேன். இரண்டு வாரம் கழிச்சுத் தெரிஞ்சது, அந்த அறிக்கையில் சரியா இருந்த எண் அது ஒன்றுதான். கண்டுபிடிச்சவர் டீமிலேயே ஜூனியர்.

பொருந்தாத புள்ளியை நீக்கலாம், தப்பில்லை. ஏன் பொருந்தலைன்னு ஒரு வரி எழுதி வச்சுட்டு நீக்குங்க. அந்த ஒரு வரியை எழுத முடியலைன்னா, அதை நீக்க நமக்கு உரிமை இல்லை.