நாய்க்கு எறியும் ஈரல்

விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் கரிசல் காட்டுக்கு ஆட்டுக்கிடை நல்ல உரம். பட்டாசு வேலைக்குப் போவோர் வீட்டிலும் ஆடு உண்டு. காவலுக்கு நாய் உண்டு. ராஜபாளையம் நாய்க்குப் பெயர்பெற்ற மாவட்டமல்லவா!

அறுத்த ஆட்டின் ஈரலில் சில சமயம் நீர் நிறைந்த வெண்கட்டிகள் இருக்கும். அதை வெட்டி நாய்க்கு எறிவதுதான் தவறு. நாயின் குடலில் அது நாடாப்புழுவாகிறது. நாயின் மலத்தில் வெளியேறும் முட்டை கை, கீரை, தண்ணீர் வழியே மனிதர் வயிற்றுக்குள் போகிறது. ஈரலிலோ நுரையீரலிலோ, அரிதாக மண்ணீரலிலோ கட்டி வளர்கிறது. பல ஆண்டுகள் வலியே தெரியாது.

மண்ணீரலில் பெரிதாகிவிட்ட கட்டிக்குப் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சையே வழி. கட்டி உடைந்து நீர் சிந்தினால் உயிருக்கே ஆபத்து; புதுக்கட்டிகளும் முளைக்கும். ஆகவே அல்பெண்டசோல் மாத்திரையும் கொடுக்கிறார்கள். இயன்றவரை மண்ணீரலைக் காப்பாற்றுகிறார்கள். முழுவதும் எடுத்துவிட்டால் நோய் எதிர்ப்புச் சக்தி குறையும். நிமோனியா தடுப்பூசி அவசியம். கூலி வேலை செய்பவருக்கு இது எளிதில் தாங்கும் சுமையல்ல.

ஆடு வளர்ப்பில் முன்னணியிலுள்ள நியூசிலாந்து 1959-இல் இதற்கெனச் சட்டமே இயற்றியது. பச்சைக் கழிவை நாய்க்குப் போடுவதைத் தடுத்தது. 2002-இல் நோய் நீங்கிய நாடாகத் தற்காலிகமாக அறிவிக்கப்பட்டது.

இங்கும் ஊராட்சிகள் கறிக்கடைதோறும் ஆழக் குழி வெட்டி மூடி போட வைக்க வேண்டும். கட்டியுள்ள ஈரலைப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு, நாய்க்கு ஆண்டுக்கு 4 முறையாவது பிராசிகுவாண்டல் மாத்திரை கொடுக்க வேண்டும். நாயைத் தொட்ட கையைச் சோப்பால் கழுவ வேண்டும்.

வயிற்றைக் கிழிப்பதைவிடக் குழி வெட்டுவது மலிவு.