துணுக்காயில் சோறு விற்கும் வீடு

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவுப் பேருந்தில் பயணம் செய்த எவருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இராது. நடுச்சாமத்தில் பேருந்து ஓரிடத்தில் நிற்கும். வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும் ஒரு பெரிய கொட்டகை. "இருபது நிமிசம்" என்று நடத்துநர் குரல் கொடுப்பார். அரைத்தூக்கத்தில் இறங்கி, கண்ணாடிப் பெட்டிக்குள் எப்போது வைக்கப்பட்டன என்று தெரியாத ரோல்ஸ்களையும், தகரத் தட்டில் காய்ந்துபோன கொத்துரொட்டியையும் பார்த்துவிட்டு, வேறு வழியின்றி எதையோ வாங்கித் தின்போம். ஊர்க் கடையில் கொடுப்பதைப் போல ஒன்றரை மடங்கு, சில இடங்களில் இரண்டு மடங்கு விலை. அதே வேளையில் உள்ளே தனி மேசையில் சாரதிக்கும் நடத்துநருக்கும் சுடச்சுடச் சோறும் பொரித்த மீனும் பரிமாறப்படும். அவர்கள் காசு கொடுப்பதில்லை. அந்தக் காசையும் சேர்த்துத்தான் நாம் கொடுக்கிறோம்.

"சாரதிமார் சாப்பிடுகிற கடையில் சாப்பிடு" என்று எங்கள் காலத்து நிருபர்களுக்கு மூத்தவர்கள் சொல்லித் தருவார்கள். லொறிக்காரரை மனத்தில் வைத்துச் சொன்ன அறிவுரை அது. லொறிக்காரர் தம் சொந்தக் காசில் சாப்பிடுபவர். ஆகவே அவருடைய தெரிவை நம்பலாம். தொலைதூரச் சொகுசுப் பேருந்தின் சாரதி கடைக்கு ஆள் கொண்டுவந்து சேர்ப்பவர். இருவரையும் ஒன்றாகக் கருதினால் வயிறுதான் தண்டம் கட்டும். இது எங்கள் நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியும் அன்று. தமிழ்நாட்டில் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில், விக்கிரவாண்டிப் பக்கத்து 'மோட்டல்'களைப் பற்றி அங்குள்ள பத்திரிகைகளில் எத்தனை முறைப்பாடுகள் வந்துவிட்டன! பேருந்துகள் இன்றும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.

ஆனால் ஏ-9 வீதியின் சாப்பாட்டுக் கதைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வீதி யார் கையில் இருந்ததோ, அவர்கள் கையிலேயே அகப்பையும் இருந்தது. 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் அந்த வீதி திறந்தபோது, ஓமந்தைக்கும் முகமாலைக்கும் இடைப்பட்ட நிலத்தில் புலிகள் நடத்திய உணவகங்கள் இருந்தன. கிளிநொச்சியின் 'பாண்டியன் சுவையூற்று' புலம்பெயர்ந்தவர்களின் படக்கோவைகளில் இன்றும் இருக்கக்கூடும். 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. போர் முடிந்து மீண்டும் வீதி திறந்த பிறகு, தெற்கிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் சாரிசாரியாக வந்தன. அப்போது வீதியோரத்தில் தேநீர் விற்றவர்கள் இராணுவத்தினர். நல்ல தேநீர்தான், விலையும் குறைவுதான். பக்கத்தில் தகரக் கொட்டிலில், கடன் வாங்கி ஒரு கேத்தலும் இரண்டு போத்தல்களும் வைத்திருந்த மனிதரால், சம்பளமும் வாகனமும் அரசாங்கத்தினுடையதாக இருந்த ஒரு கடையோடு எப்படிப் போட்டியிட முடியும்? வன்னியில் எங்கே சாப்பிடுகிறோம் என்பது சுவை சம்பந்தப்பட்ட விடயம் மட்டும் அன்று என்பதை நான் அங்கேதான் உணர்ந்தேன்.

இந்த வீதியில் எல்லோரும் மனமுவந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு, முறிகண்டிப் பிள்ளையார். சிதறுதேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, வறுத்த கச்சான் ஒரு சுருள் வாங்காமல் எந்த வாகனமும் அப்பால் போகாது. நிற்காமல் போனால் வழியில் வண்டி நின்றுவிடும் என்பது நம்பிக்கை. பகுத்தறிவு பேசும் என் நண்பர்கள் சிலரும் கச்சானை முன்னிட்டு இறங்குவார்கள். பிள்ளையாருக்கு அதில் ஆட்சேபம் இருப்பதாகத் தெரியவில்லை.

நான் சொல்ல வருவது அந்த வீதியை விட்டு விலகுவதைப் பற்றி. யாழ்ப்பாணம் போகும் வழியில், முறிகண்டிக்கு முன்னரே, மாங்குளம் சந்தியில் மேற்குப் பக்கமாகத் திரும்பினால் ஏறத்தாழ இருபது கிலோமீற்றரில், மல்லாவிக்கு அடுத்தாற்போல், துணுக்காய் வரும். முல்லைத்தீவு மாவட்டத்தின் மேற்கு அந்தம். பாலி ஆற்றை மறித்துக் கட்டிய வவுனிக்குளமும் அதன் வயல்களும்தான் அந்தப் பிரதேசத்தின் உயிர். சுற்றுலாக் கைந்நூல்கள் எதிலும் அதன் பெயரைக் காண்பது அரிது. 1995 இடப்பெயர்வுக்குப் பின்னரும், மறுவருடம் கிளிநொச்சி கைமாறிய பின்னரும் அந்த இரண்டு சிற்றூர்களும் தாங்கிய மக்கள் தொகையை நினைத்தால் மலைப்பாக இருக்கும். மருத்துவமனை, திணைக்களங்கள், தொண்டு நிறுவனங்கள் யாவும் மல்லாவியைச் சுற்றியே இயங்கின. பொருளாதாரத் தடையில் சீனி கிடைக்காது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடிப்பார்கள். 2008 இல் அவ்வூரும் வெறுமையாயிற்று. 2009 இன் இறுதியில், முல்லைத்தீவு மாவட்டத்தில் முதலில் மக்கள் மீளக் குடியமர்த்தப்பட்ட இடங்களுள் துணுக்காயும் ஒன்று.

அங்கே நல்ல 'ஹோட்டல்' எது என்று கேட்டால் ஊரவர் சற்றுத் திகைப்பார்கள். தேநீர்க் கடைகள் உண்டு. வடை, பணிஸ், மதியத்தில் சோற்றுப் பார்சல் கிடைக்கும். கடையைத் தெரிவு செய்வதற்கு எனக்குத் தெரிந்த வழி எளியது. "இண்டைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். "எல்லாம் இருக்கு" என்று பதில் வந்தால் ஒரு தேநீரோடு எழுந்துவிடுங்கள். "விரால் முடிஞ்சுது, ஜப்பான் மட்டும்தான் கிடக்கு" என்றால் உட்காருங்கள். அது காலையில் குளத்திலிருந்து வந்த மீன். (ஜப்பான் என்று எங்கள் சனம் சொல்லும் திலாப்பியாவின் தாயகம் ஆபிரிக்கா. 1950களின் தொடக்கத்தில் இலங்கைக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த மீனுக்கு இந்தப் பெயரைச் சூட்டியவர் யாரோ!) பன்னிரண்டரைக்குப் போங்கள். இரண்டு மணிக்குச் சட்டி காலியாகிவிடும் கடை நல்ல கடை; நான்கு மணிக்கும் சோறு இருக்கிறது என்றால் ஏன் இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். சிறிய கடையெல்லாம் நல்ல கடை என்று நான் வாதாடவில்லை. ஒரு சிறிய கடையில் சாப்பிட்டு மூன்று நாள்கள் படுக்கையில் கிடந்தவன் நான்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நம்மவர் பலர் வன்னிக்குள் கால் வைத்ததும் குரலைத் தாழ்த்தி "மரை இறைச்சி கிடைக்குமா?" என்று விசாரிக்கிறார்கள். மரையும் மானும் 1937 ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் காக்கப்படுபவை. நீங்கள் விமானம் ஏறிப் போய்விடுவீர்கள். பிடிபடுபவன் உள்ளூர்ப் பையன். போதாக்குறைக்கு, மரை என்று சொல்லிப் பலருக்கு வந்து சேர்வது மாட்டிறைச்சி. அந்த மோசடியில் எனக்குப் பெரிய வருத்தம் கிடையாது.

வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம் திருநெல்வேலி ஆகிய இடங்களில் வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' உணவகங்கள் இருக்கின்றன. பெண்கள் கண்முன்னே சமைத்துத் தருகிறார்கள். குரக்கன் பிட்டு, தோசை, இலைக்கஞ்சி எல்லாம் நியாயமான விலையில் கிடைக்கும். ஏ-9 வழியே போகிறவர்கள் தயங்காமல் நுழையலாம். ஆயினும் அவை நகரங்களுக்கு உரியவை. உட்கிராமங்களுக்கு அந்த ஏற்பாடு இன்னும் எட்டவில்லை.

உட்கிராமத்தில் நல்ல சாப்பாடு வீட்டுக்குள் இருக்கிறது. அங்கேதான் சிக்கலும் இருக்கிறது. எங்கள் ஊர்களில் சோறு விற்பது இழுக்கு என்று கருதிய காலம் அதிகத் தொலைவில் இல்லை. வந்தவருக்கு இடுவார்கள், விற்கமாட்டார்கள். இந்த மரபைப் போற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். நானும் எழுதியிருக்கிறேன். 2003 இல் செய்தி சேகரிக்கத் துணுக்காய்ப் பக்கம் போயிருந்தபோது, 1995 இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு குடும்பம் எனக்கு மதியச் சோறு போட்டது. நாட்டுக்கோழிக் குழம்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி, முருங்கையிலை வறை. எழும்பும்போது காசு கொடுக்க முனைந்தேன். வீட்டுக்காரரின் முகம் கறுத்துவிட்டது. "என்ன தம்பி, எங்களை என்னெண்டு நினைச்சியள்?" என்றார். நான் காசைப் பைக்குள் வைத்துவிட்டேன். திரும்பி வந்து வன்னியின் விருந்தோம்பல் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினேன். பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

என்னை அங்கே அழைத்துச் சென்ற ஆசிரியர் சில மாதங்களின் பின் கொழும்பில் சந்தித்தபோது பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அந்தக் குடும்பம் நிவாரண அட்டையில் சீவித்தது. அந்த மாதத்துப் பருப்பையும் சீனியையும் விற்றுத்தான் கோழி வாங்கினார்கள். விதைத்த நெல்லைத் தோண்டி எடுத்து வந்து அமுது படைத்த இளையான்குடி மாறனாரை நாம் அறிவோம். அங்கே அடியாராக வந்தவர் சிவபெருமான்; மாறனாருக்குச் சிவலோகம் கொடுத்தார். நான் கொடுத்தது பத்திரிகையில் கால் பக்கம், அதுவும் அவர்கள் பெயர் இல்லாமல். அவர் மறுத்தவுடன் காசை எவ்வளவு விரைவாகப் பைக்குள் வைத்தேன் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகையால் "உள்ளூர் வீட்டில் சாப்பிட்டேன், காசே வாங்கவில்லை" என்று பயணம் போய் வந்தவர்கள் பெருமையாகச் சொல்லும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. வீதியோரக் கொட்டகையில் நம்மை ஏமாற்றுகிறார்கள்; சரி. இங்கே யார் யாரை ஏமாற்றுகிறார்கள்?

2023 இல், பாலைப்பழக் காலத்தில், மீண்டும் துணுக்காய் போனேன். ரொறன்ரோவிலிருந்து வந்த என் மைத்துனரும் அவருடைய மகளும் கூட வந்தார்கள். வழியில் பாலைப்பழம் வாங்கித் தின்று, அதன் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு அந்தப் பிள்ளை பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. நல்லெண்ணெய் பூசித்தான் வாயைத் திறக்கவைத்தோம். அவ்வூரில் ஒரு பெண் வெளியிடங்களிலிருந்து வந்து வேலைபார்க்கும் ஆசிரியர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் வீட்டிலேயே சமைத்துக் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, முதல் நாள் மாலையே தொலைபேசியில் சொல்லிவைத்திருந்தோம். பெயர்ப்பலகை இல்லை. கணவர் இல்லை. எப்படி இல்லாமற் போனார் என்று நான் கேட்கவில்லை. நிருபராக இருந்த காலத்தில் கேட்டிருப்பேன்.

சிவப்பரிசிச் சோறு, விரால்மீன் குழம்பு, வல்லாரைச் சம்பல், பயற்றங்காய்க் கறி, மோர்மிளகாய், கடைசியில் எருமைத் தயிர். குழம்பில் பழப்புளி சற்றுத் தூக்கலாக இருந்தது. அதைத் தவிர எனக்குச் சொல்லக் குறை இல்லை. மைத்துனரின் மகள் இரண்டாம் முறை சோறு கேட்டாள். ரொறன்ரோவில் அது நடப்பதில்லையாம்.

"சோறு விக்கிற வீடெண்டு ஆரும் கதைக்கிறேல்லையோ, தங்கச்சி?" என்று கேட்டேன்.

"முதல் கதைச்சவைதான் ஐயா. இப்ப அவையளின்ரை பிள்ளையளும் இஞ்சைதான் எடுக்கினம்" என்றார்.

2022 இல் எரிவாயு இல்லாமல் நகரத்துக் கடைகள் தடுமாறியபோது, விறகடுப்பு வைத்திருந்ததால் ஒருநாளும் சமையலை நிறுத்தவில்லை என்றார். ஆனால் அரிசிதான் அவரைப் படுத்தியிருக்கிறது. 2021 இல் இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் விளைச்சல் விழுந்து, சுற்றிலும் வயலாக இருந்த ஊரில் அரிசியைக் கடையில் வாங்கவேண்டி வந்ததாம். அப்போது பார்சலின் விலையைக் கூட்டினார். வாடிக்கையாளர் சிலர் போனார்கள்; பிறகு வந்தார்கள். வரவு செலவெல்லாம் ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். விறகுக்கும் ஒரு கணக்கு, தன் கூலிக்கும் ஒரு கணக்கு. எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் அவ்வளவு ஒழுங்கான கணக்கை நான் கண்டதில்லை.

ஆளுக்கு நானூறு ரூபா, மூவருக்கும் ஆயிரத்து இருநூறு என்றார். மைத்துனர் ஐயாயிரம் ரூபாத் தாள் ஒன்றை எடுத்து நீட்டி, "மிச்சத்தை வைச்சிருங்கோ பிள்ளை" என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அவர் தாளை வாங்கவில்லை.

"அண்ணை, நான் விலை சொன்னனான். தருமம் கேக்கேல்லை."

மைத்துனர் என்னைப் பார்த்தார். நான் கிணற்றடியைப் பார்த்தேன். எங்கள் மூவரிடமும் சில்லறை இருக்கவில்லை. அவர் மகனைக் கூப்பிட்டு, அந்தத் தாளைக் கொடுத்து, சந்திக் கடையில் மாற்றிவரும்படி சொன்னார். பையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். அவன் வரும்வரை இருபது நிமிடம் திண்ணையில் இருந்தோம். அந்த இடைவெளியில், நாங்கள் கேளாமலே, வெறுந்தேநீர் கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வேண்டாம் என்றார். பையன் கொண்டுவந்த மூவாயிரத்து எண்ணூறு ரூபாவையும் மைத்துனரின் கையில் எண்ணி வைத்துவிட்டு, அடுத்த முறை வருவதாக இருந்தால் முதல் நாள் காலையிலேயே சொல்லிவிடும்படியும், மாலையில் சொன்னால் விரால் கிடைப்பது கடினம் என்றும் சொன்னார்.